சர்வீஸ் விளக்கு சொல்வதும் கார் சொல்வதும்: செகண்ட் ஹேண்ட் காருடன் சில வருடங்கள்

நண்பர் ஒருவர் பழைய கார் வாங்கியிருக்கிறார். "டிஸ்ப்ளேல அடுத்த சர்வீஸுக்கு இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்குன்னு காட்டுது, அதுவரைக்கும் ஓட்டலாம்ல?" என்று கேட்டார். ஓட்டாதீங்க, இந்த வாரமே விடுங்க என்றேன். போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓட்டுவதும் செகண்ட் ஹேண்ட் கார்தான், பெட்ரோல். சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். கிளட்ச் லேசு. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காது. குறை சொல்ல மனசே வராத வண்டி. ஆனால் அதன் டாஷ்போர்டில் ஸ்பேனர் படம் போட்ட சர்வீஸ் விளக்கு ஒன்று இருக்கிறது, அடுத்த சர்வீஸுக்கு மிச்சக் கிலோமீட்டர் காட்டுவதும் அதுதான். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

பல கார்களில் அந்த விளக்கு ஓடிய கிலோமீட்டரையும் கடந்த நாட்களையும் எண்ணும், அவ்வளவுதான். எதிலிருந்து எண்ணும்? ஆயில் மாற்றிய நாளிலிருந்து இல்லை, யாரோ ரீசெட் செய்த நாளிலிருந்து. இக்னிஷனைப் போட்டு ட்ரிப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல வண்டிகளில் வேலை முடிந்தது. ஒரு சொட்டு ஆயில் வேண்டாம். சில கார்கள் என்ஜின் சூடு, என்ஜின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்), எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது என்றெல்லாம் பார்த்து ஆயிலின் மிச்ச ஆயுளைக் கணக்குப் போடும். அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கணக்கையும் ஆயில் மாற்றாமலே ரீசெட் செய்துவிடலாம்.

என் வண்டி கைக்கு வந்தபோது, இப்போதுதான் சர்வீஸ் முடிந்தது போல நிறைய கிலோமீட்டர் மிச்சம் காட்டியது. பில் எதுவும் இல்லை. பில் இல்லாததால் நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றி அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. ஆயில் ஃபில்டரின் பெயின்ட் மங்கி, விளிம்பில் துரு. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக வந்தது. கறுப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அழுக்கைச் சுமப்பது ஆயிலின் வேலை, டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். ஆனால் துருப்பிடித்த ஃபில்டர் அண்மையில் போட்டதாக இருக்க வழியே இல்லை. விற்பதற்கு முன் யாரோ பட்டனை மட்டும் அழுத்தியிருக்கிறார்கள். வாங்குபவனின் என்ஜினோடு விளையாடுகிற வேலை அது.

நியாயமாகவும் பேச வேண்டும். புது கார், ஒரே ஓனர், ஒழுங்காக சர்வீஸ் விடுபவர் என்றால் அந்த விளக்கு நல்ல உதவி. பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்பதுதான் கணக்கு. ஆனால் ஓனர் மேனுவலைப் புரட்டினால், தூசி, நெரிசல், அடிக்கடி குறுந்தூர ஓட்டம் இதற்கெல்லாம் தனியாக ஓர் அட்டவணை இருக்கும். அதில் இடைவெளி பெரும்பாலும் குறைவு, சில கார்களுக்குப் பாதிதான். நம்மில் நிறைய பேர் ஓட்டுவது அந்த ரகம். நாலு தெரு தள்ளிப் போய் நிறுத்தினால் என்ஜின் முழுசாகச் சூடாகாது, ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். அதனால்தான் "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்பது சரியான கேள்வி இல்லை. குறைவாக ஓடும் வண்டிக்குத் தேதிதான் முக்கியம்.

ஆயிலாவது பரவாயில்லை. அந்த விளக்குக்குத் தெரியாத பழைய கதைகள் இன்னும் இருக்கின்றன. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரநிலை கேட்கும் வரம்பே 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வரும்போது அந்தச் சூட்டில் கொதித்து ஆவியானால், பிரேக் பிடிக்காமல் பெடல் சும்மா உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். பிஸ்டனும் வால்வுகளும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள காரென்றால் இன்னும் கவனம் தேவை. அது ரப்பர், ஓடாமல் நின்றாலும் வயதாகும். பெரும்பாலும் சத்தமே கொடுக்காமல் அறுந்துபோகும், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். கடைசியாக எப்போது மாற்றியது என்று ஆதாரம் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்கிய வாரமே என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி, அந்தத் தேதியையும் ஓடோமீட்டரையும் எழுதி வைத்தேன். என் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். அப்புறம் மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பது. ஆயில் குறைகிறதா என்பதை ஸ்பேனர் விளக்கு சொல்லாது, குச்சி சொல்லும். இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வண்டியின் உள்நிலை என் கண்ணுக்கே தெரிகிறது.

எரிச்சல் மட்டும் தீரவில்லை. நான் பாதி இடைவெளியில் ஆயில் மாற்றுகிறேன், ஆனால் விளக்கு கணக்கில் வைத்திருக்கும் சர்வீஸ் இடைவெளியை மாற்ற மெனுவில் வழியே இல்லை. மெக்கானிக் ரீசெட் செய்ய மறந்தால், புது ஆயில் ஊற்றிய வண்டி நடுவழியில் "சர்வீஸ்! சர்வீஸ்!" என்று கத்துகிறது. ரேடியோ ஸ்டேஷனை என் இஷ்டத்துக்கு வைக்க விடுகிறவர்கள் இதை ஏன் விடவில்லை?

சரி, இந்த வண்டியை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் இதே மாடல், இதே வருடம், இதே மாதிரி பில் இல்லாத ஒன்றை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.