புதுக் கருப்பில் மினுங்கும் பழைய ரெட்டைக்குழலை நம்பி வாங்காதீர்கள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு பறவை வேட்டைக்குப் போகிற நம்மவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். கட்டுப்படியாகும் விலையில் பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, குழல்கள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வகை, வாங்கலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு நடந்ததைக் கேட்டுவிடுங்கள். எனக்குப் போனது 1,150 டாலரும் ஒரு முழு சீசனும்.

நான் இருப்பது மினசோட்டாவின் தென்மேற்கு மூலையில். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை சவுத் டகோட்டாவில் ஃபெசன்ட் (காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) சீசன் திறக்கும், எல்லை தாண்டினால் ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல், பெட்டையைச் சுடக்கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இடுப்பளவு புல்லிலும் சம்புக்காட்டிலும் நடக்க வேண்டும், நாய் முகர்ந்து நிற்கும், நாம் போய்க் கிளப்ப வேண்டும். ஏழு எட்டு மைல் நடந்த பிறகு கையில் இருப்பதில் அரைப் பவுண்டு கூடினாலும் தோள் சொல்லிவிடும். அதனால்தான் எனக்கு ரெட்டைக்குழல் மேல் ஆசை. மெலிந்தது, இரண்டு கைக்கும் நடுவில் எடை நிற்கும், விசையும் இரண்டு. முன் விசையை இழுத்தால் வலது குழல், ரவை அகலமாக விரியும், காலடியில் கிளம்புகிற பறவைக்கு. பின் விசை இடது குழல், நெருக்கமாகப் போகும், தூரம் போய்விட்ட பறவைக்கு. எது வேண்டும் என்று விரலே முடிவு செய்துவிடும்.

போன ஆகஸ்டில் வேறு மாநிலத்துக் கடை ஒன்றின் விளம்பரத்தில் ஃபாக்ஸ் என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் ஸ்டெர்லிங்வொர்த் ரெட்டைக்குழல் ஒன்றைப் பார்த்தேன். 16 கேஜ் (குழல் துளையின் அளவு), 28 அங்குலக் குழல், ஃபிலடெல்ஃபியாவில் செய்தது, அதாவது சாவேஜ் கம்பெனி ஃபாக்ஸை வாங்கி யூட்டிக்காவுக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. அலங்காரம் எதுவும் இல்லாத, உழைப்பாளிக்கென்று செய்த துப்பாக்கி. அதன்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. "முழுக்கப் புதுப்பித்தது" என்று போட்டிருந்தார்கள். படத்தில் குழல்கள் கண்ணாடி மாதிரி, ஆழ்ந்த நீலக் கருப்பில் மினுங்கின. கடைக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். "எல்லாம் டைட்டாக இருக்கிறது, கடையில் விற்கிற எந்த 2¾ அங்குலத் தோட்டாவும் போடலாம்" என்றார். நம்பினேன்.

வேறு மாநிலத்திலிருந்து வருவதால் உள்ளூர் லைசென்ஸ் டீலர் கடைக்குத்தான் அனுப்புவார்கள், அங்கே துப்பாக்கி வாங்குவோர் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை எழுதிக் கொடுத்து, பின்னணிச் சோதனை முடிந்து வாங்க வேண்டும். (எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனம்: கையில் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, இது மத்தியச் சட்டம்.) விற்றவர் மூன்று நாள் கொடுத்திருந்தார், பிடிக்கவில்லை என்றால் சுடாமல் திருப்பி அனுப்பலாம். அந்த மூன்று நாளும் நான் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டவில்லை. நான் செய்த தப்பு இதுதான்.

சீசனின் இரண்டாவது வாரம் நல்ல தூறல். வீட்டுக்கு வந்து துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால் குழல்களுக்கு நடுவே ஓடுகிற பட்டையின் ஓரத்தில், மேலே ரிப் என்று சொல்வார்களே, அங்கே உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு, அதற்குக் கீழே செம்பழுப்பாக ஈரம். துடைத்தேன். இரண்டு நாளில் மறுபடியும் அதே இடத்தில் வந்தது. விரல் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தேன், நகம் பிடித்தது. ஒரு டாலர் நோட்டின் ஓரத்தை நீட்டினால் பட்டைக்கு அடியில் நுழைந்துவிட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது.

பக்கத்து ஊரில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாங்கிக் குழல்களைத் தனியாகக் கழற்றினார், அடியில் இருக்கிற கொக்கியில் ஒரு கம்பியை மாட்டித் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டினார். 'டொக்' என்று ஒரு சத்தம், கூடவே தகரம் அதிர்கிற மாதிரி ஓர் இரைச்சல். எதுவும் பேசாமல் உள்ளே போய் இன்னொரு பழைய குழல் ஜோடியை எடுத்து வந்து அதேபோலத் தட்டினார். கோயில் மணி மாதிரி கணீரென்று அடித்து, நாலைந்து நொடி ஓயவில்லை. "வந்த அன்றைக்கே இங்கே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். இந்த மாதிரிப் பழைய ரெட்டைக்குழல்களில் குழல்களையும் பட்டையையும் ஈயப்பற்று வைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். இவற்றுக்குக் கருப்பு ஏற்றும் முறை மெதுவானது: இரும்பின்மேல் துருவை வரவழைத்து, கொதிநீரில் போட்டு, தேய்த்தெடுத்து, மறுபடியும் துரு, மறுபடியும் கொதிநீர் என்று பல நாள் எடுக்கும், கூலியும் அதிகம். இன்றைய ஒற்றைக்குழல் துப்பாக்கிகளுக்குச் செய்வது வேறு, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டியை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கவிட்டு முக்கி எடுப்பது. அரை மணியில் வேலை முடிந்துவிடும், பளபளப்பும் தூக்கலாக வரும். ஆனால் அந்தக் காஸ்டிக் ஈயப்பற்றைத் தின்றுவிடும். பட்டைக்கு அடியில் புகுந்த உப்பு வெளியே வராது, அங்கேயே இருந்து ஈரத்தை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழலை அரிக்கும். என் துப்பாக்கியை யாரோ அந்தத் தொட்டியில் போட்டு எடுத்திருக்கிறார்கள். நான் பார்த்து மயங்கிய அந்த மினுக்கம்தான் அதன் நோய்.

இது போதாதென்று பெரியவர் தோட்டா அறையில் அளவுகோலை விட்டார், 2¾ அங்குலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்து 16 கேஜ் பலவற்றில் அறை குட்டை. நீளத் தோட்டா உள்ளே போகும், மூடியும் கொள்ளும், அதனால் தெரியாது. சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிவதற்கு இடமில்லாமல் அறைக்கு முன்னால் குறுகுகிற பகுதியில் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும், உதை கூடும். விற்றவர் "எந்தத் தோட்டாவும்" என்று சொன்னது இந்தத் துப்பாக்கிக்குத்தான். நான் இரண்டு பெட்டி சுட்டு முடித்திருந்தேன்.

விற்றவருக்குப் போன் செய்தேன். மூன்று நாள் முடிந்தது, சுட்டும் விட்டீர்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். படங்களும் பெரியவர் எழுதிக் கொடுத்த தாளும் அனுப்பிய பிறகு பதிலே இல்லை. பட்டையைக் கழற்றி, உப்பைக் கழுவி, மறுபடி பற்றவைத்துப் பழைய முறையில் கருப்பு ஏற்றக் கேட்டபோது சொன்ன தொகை, நான் வாங்கின விலையை விட அதிகம்.

அதனால் பழசு பார்க்கிறவர்கள் முதலில் குழலைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேரில் போக முடியாவிட்டால் வீடியோவில் சத்தத்தோடு அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கிற மரம்) கழற்றிவிட்டுக் குழலை ஆட்டிப் பாருங்கள், குழலின் பின்முனை வந்து மூடுகிற முகத்துக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. மேல் நெம்புகோல் மூடியபோது நடுவுக்குக் கொஞ்சம் வலதுபக்கம் நிற்பது நல்லது, இடதுபக்கம் தாண்டியிருந்தால் தேய்மானம். குழல்வாய்ப் பக்கம் இரண்டு குழலுக்கும் நடுவே இடைவெளி இருந்தாலோ, நீளம் 26, 28, 30 என்று இல்லாமல் அரைகுறையாக இருந்தாலோ யாரோ அறுத்திருக்கிறார்கள். குழலின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள், உள்ளே குழிவிழுந்த துருவை மறைக்க ராவி ராவி மெலிய வைத்திருப்பார்கள். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த பழங்காலத்து டமாஸ்கஸ் குழல் என்றால் கடைத் தோட்டாவோடு பக்கத்திலேயே போகாதீர்கள்.

இன்னொன்றும் நிறையப் பேர் யோசிப்பதில்லை. இங்கே நாம் நடக்கிற பொது நிலங்களில் பல, மத்திய அரசின் நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகள். அங்கே ஃபெசன்ட்டுக்குக்கூட ஈய ரவை கூடாது. இரும்பு ரவையை, ரவை விரியாமல் போவதற்காக வாயைக் குறுக்கிய பழைய குழலில் சுடக்கூடாது. அப்புறம் பழைய குழலைக் கெடுக்காத பிஸ்மத் உலோக ரவைதான் கதி, அதன் விலை தெரியும்தானே. வருஷம் முழுக்க அந்த மாதிரி நிலத்தில்தான் வேட்டை என்றால், துருக்கியில் ஹூலூவில் செய்து சிஇசட் பெயரில் வருகிற பாப்வைட், பிரேசிலில் செய்கிற ஸ்டோகர் அப்லேண்டர் மாதிரிப் புதியது ஒன்றைப் பார்ப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அழகு குறைவு, ஆனால் இரும்பு ரவை தாங்கும், வாயின் குறுக்கத்தைத் திருகி மாற்றலாம். பழசுதான் வேண்டும் என்றால் ஸ்டீவன்ஸ் 311 முரட்டுக் கட்டை, கனமும் கூட, ஆனால் உழைக்கும். இத்தகா செய்த லெஃபீவர் நைட்ரோ ஸ்பெஷலும் அப்படித்தான்.

நான் கடைசியில் அந்தப் பெரியவரிடமே ஒரு நைட்ரோ ஸ்பெஷல் வாங்கினேன். இடது கை பிடிக்கிற இடத்தில் கருப்பு முழுக்கப் போய் வெள்ளி மாதிரி இருக்கிறது, கட்டையில் முள்வேலி கீறின கோடுகள். தட்டினால் மணி. ஸ்டெர்லிங்வொர்த் அலமாரியில் கிடக்கிறது, கொக்கியில் "சுடக்கூடாது" என்று சீட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அதை யாருக்கும் விற்கப்போவதில்லை.

சவுத் டகோட்டாவின் சூ ஃபால்ஸ் பக்கமோ எங்கள் பக்கமோ யாராவது பழைய ரெட்டைக்குழல் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு செய்தி போடுங்கள். அறை அளவுகோலும் தொங்கவிடும் கம்பியும் வண்டியிலேயே இருக்கின்றன, சனிக்கிழமை என்றால் கூட வருகிறேன்.