மொத்த காண்ட்ராக்டா, தனித்தனி ஆட்களா? குளியலறை வேலைக்கு என் தேர்வு

பொருள், ஆள் எல்லாம் சேர்த்து ஒரே காண்ட்ராக்டரிடம் ஒப்படைக்கலாம். இல்லையென்றால் பொருளை நாமே வாங்கி, கொத்தனார், பிளம்பர், டைல்ஸ் போடுபவர் என்று தனித்தனியாக ஆள் பிடிக்கலாம். வீட்டில் ஒரு குளியலறையை முதல் வழியிலும் மற்றொன்றை இரண்டாம் வழியிலும் புதுப்பித்துவிட்டோம். இனி எங்கள் வீட்டில் மொத்த காண்ட்ராக்ட் கிடையாது.

மொத்த காண்ட்ராக்டின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அலைச்சல் இல்லை, பேச ஒரே ஆள், செலவும் முன்பே தெரிந்துவிடும்.

சிக்கல் டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. குளியலறையில் நல்ல வேலைக்குப் பாதி இலக்கணம் காத்திருப்பது. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு முழுதாகக் காய வேண்டும். பிறகு வடிகாலை அடைத்து, 24 மணி நேரமாவது, முடிந்தால் 48 மணி நேரம், தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவருக்குள் போகும் குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே பூசி மூட வேண்டும். சிமெண்ட் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். மொத்தத் தொகை பேசியவருக்கு இப்படிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். அதனால் வெட்டுவது முதலில் இந்த நாட்களைத்தான்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. தண்ணீர் தேக்கிப் பார்க்காமலே டைல்ஸ் ஏறிவிட்டது. கீழே கூரை ஊறியபோது காண்ட்ராக்டர் ஆளனுப்பி, டைல்ஸ் இடுக்குகளில் மறுபடி கிரௌட் நிரப்பிவிட்டுப் போனார். சாதாரண சிமெண்ட் கிரௌட் தண்ணீரைத் தடுக்காது. கசிவு டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சில் இருந்தால் டைல்ஸைப் பெயர்க்காமல் வழியே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு இதைத் தெரிந்தே மறைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

தனி ஆட்களை வைத்தபோது ஒவ்வொரு கட்டமும் எங்கள் கையில் இருந்தது. தண்ணீர் நின்ற நாட்களில் யாரையும் வரச் சொல்லவில்லை. யாருக்கும் நஷ்டமும் இல்லை. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை 0.5 சதவீதம்கூட உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. அதனால் டைல்ஸ் பசையை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். ஒட்டி, நன்றாக இறுகிய பின் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் பொள்ளல் சத்தம் வந்தவற்றை டைல்ஸ் போடுபவர் எடுத்து மறுபடி ஒட்டினார்.

இந்த வழியின் பெரிய குறை, பழியைத் தள்ளிவிடுவது. தண்ணீர் தேங்கினால் தரையின் வாட்டம் (சரிவு) சரியில்லை என்பார் பிளம்பர், வடிகாலை உயர்த்தி வைத்துவிட்டார் என்பார் கொத்தனார். ஒருவர் வேலையை அடுத்தவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே முன்னவருக்குக் கடைசிப் பணம் என்று வைத்ததில் இது பெருமளவு அடங்கியது.

வீட்டில் ஒருவர் தினமும் நின்று பார்க்க முடிந்தால்தான் இதெல்லாம் நடக்கும். வீடு முழுவதையும் இடித்துச் செய்யும் வேலையில் இத்தனை பேரை ஒருங்கிணைக்க முடியுமா என்பதை ஒரு குளியலறை அனுபவத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

மொத்தமாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், தவணைகளைத் தேதிப்படி பேசாதீர்கள். குழாய்ச் சோதனை முடிந்ததும் ஒன்று, தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் ஒன்று என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணை, குளியலறையைச் சில வாரம் புழங்கிய பிறகு.