ஆர்ஓ பில்டர் (தண்ணியை அமுக்கி நுண்ணிய சவ்வாலை வடிக்கிற மிசின்) ஆறு மாசம் பாவிச்சாச்சு, யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணிக்கு இது சரிவருமோ?

நாங்கள் உரும்பிராய்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னாலை கிணறு, வேலிக்கு அங்காலை தோட்டம், செம்மண். அம்மா அம்பது வருசமா இந்தத் தண்ணிதான் குடிக்கிறா, ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலமும் பில்டர் வாங்காமல் இருந்தனாங்கள். அக்கா கைக்குழந்தையோட வந்து நிக்கேக்கை குடும்பநல மாதுதான் சொன்னவா, புட்டிப்பால் கரைக்கிறதெண்டால் முதல்லை தண்ணியை ஆய்வுகூடத்திலை குடுத்து நைத்திரேற்று (உரத்திலையும் மலக்கழிவிலையும் இருந்து தண்ணிக்கை கரையிற உப்பு) பாருங்கோ எண்டு. பாத்தால் லீற்றருக்கு 58 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை 50. பெரிய ஆக்களுக்கு உடனை ஒண்டும் செய்யாதாம், ஆனால் ஆறு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளையளுக்கு ரத்தத்திலை ஒட்சிசன் போறதைக் குழப்பி உடம்பு நீலம் பாரிச்சுப் போகுமாம். கொதிக்க வைச்சால் போகாதோ எண்டு அம்மா கேட்டா. போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்.

அப்பிடித்தான் மிசின் வாங்கப் போனது. கடைப் பேர் சொல்லேல்லை. விக்க வந்த பெடியன் ரெண்டு கிளாசிலை கிணத்துத் தண்ணியும் பில்டர் தண்ணியும் வைச்சு ரெண்டுக்கையும் கம்பி விட்டு கறண்ட் குடுத்தான். எங்கட தண்ணி ஒரு நிமிசத்திலை மண்ணிறமாகி மேல சகதி மாதிரி மிதக்குது, மற்றது பளிச்செண்டு அப்பிடியே நிக்குது. "பாத்தீங்களே அம்மா, இதைத்தான் இவ்வளவு நாளும் குடிச்சனீங்கள்" எண்டான். அம்மாக்கு முகம் கறுத்துப் போச்சு. நான் குசினிக்கை போய் ஒரு கிள்ளு உப்பு எடுத்து வந்து அவன்ர நல்ல தண்ணிக்கை போட்டிட்டு, தம்பி இப்ப போடுங்கோ பாப்பம் எண்டன். அதுவும் அதே நிறம். கரையிறது கம்பி, ஊத்தை இல்லை. உப்பு இருந்தால் கறண்ட் பாயும், அவ்வளவுதான். பெடியன் சிரிச்சான், விலையிலை கொஞ்சம் குறைச்சும் தந்தான் 😄

மிசினைச் சும்மா குறை சொல்லக்கூடாது. டிடிஎஸ் (தண்ணியிலை கரைஞ்சிருக்கிற உப்புகளின்ர அளவு) 780 இருந்தது 45க்கு வந்திட்டுது, நைத்திரேற்று திருப்பிக் குடுத்துப் பாக்க 9. தேத்தண்ணிக்கு மேல படியிற அந்த ஆடை இப்ப இல்லை, கேத்திலுக்கை சுண்ணாம்பு பிடிக்கிறதில்லை, பருப்பு கெதியா அவியுது. ருசிதான் சப்பெண்டு கிடக்கு, அம்மா வாயிலை வைச்சிட்டு "மழைத்தண்ணி மாதிரி" எண்டிட்டு செம்பைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போட்டா.

எனக்குப் பெரிய குறை வீண் போற தண்ணி. வாளி வைச்சு அளந்து பாத்தன், ஒரு லீற்றர் எடுக்க ரெண்டரை லீற்றர் வெளியாலை போகுது. இது கொழும்பிலை பரவாயில்லை, இங்கை ஆறு இல்லை, குளத்துத் தண்ணி குழாயிலை வாறதில்லை, வழுக்கையாறு எண்டிறதும் மாரிக்கு மட்டும் ஓடுறது, இருக்கிறதெல்லாம் ஐப்பசி கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்கை இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிற ஒரு படைதான். மேல ஒரு அடி நன்னீர் குறைஞ்சால் கீழ நாப்பது அடி அளவுக்கு உப்பு ஏறும் எண்டு பள்ளிக்கூடத்திலை படிச்சது, நம்பாதாக்கள் நிலாவரைக் கிணத்தைப் போய்ப் பாருங்கோ, மேல நல்ல தண்ணி கீழ போகப் போக உப்பு. துலா மிதிச்சு இறைச்ச காலத்திலை கிணறு தானா ஊறி நிண்டது, இப்ப மோட்டரைப் போட்டிட்டு மனுசர் படுத்திடுவினம். வீண் தண்ணியை நான் குழாய் பூட்டி வாழைக்கு விட்டிருக்கிறன், நைத்திரேற்று வாழைக்கு நல்லதுதானே.

இன்னொண்டு. அந்த டிடிஎஸ் மீற்றரைப் பாத்துத் தண்ணி நல்லது கூடாது எண்டு முடிவெடுக்காதேங்கோ. அது உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்கு எண்டுதான் காட்டும், கிருமியும் காட்டாது, நைத்திரேற்று எவ்வளவு எண்டும் பிரிச்சுச் சொல்லாது. எங்கட நிலத்துக்குக் கீழ இருக்கிறது வெடிப்பும் குகையுமா கிடக்கிற கல். கீரிமலையிலை கடலுக்குப் பக்கத்திலை கேணிக்கை ஊற்றுத் தண்ணி வருதெண்டால் அது உள்ளுக்கை வாய்க்கால் மாதிரி ஓடித்தானே வருது. மணல் மாதிரி வடிச்சுத் தராது. அதாலை பக்கத்து வீட்டு மலக்குழியிலை இருந்து வாறதும் வெங்காயத்துக்குப் போட்ட யூரியாவும் மழைக்குப் பிறகு கெதியா கிணத்துக்கு வந்திடும், இத்தனை அடி தள்ளி வெட்டினது தானே எண்டு நிம்மதியா இருக்கேலாது. 2014, 2015 அளவிலை சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளுக்கை எண்ணெய் மிதந்தது மறந்திருக்கமாட்டியள்.

நாங்கள் செய்தது, மிசினோட சேத்து எங்கட மலக்குழியை மூடிப்போட்டு அடிக்கும் கொங்கிறீட் போட்ட தொட்டி கட்டினது. செலவு மிசினை விடக் கூட. பக்கத்து வீட்டு அண்ணையிட்டையும் கதைச்சன், "உன்ர பில்டர் இருக்குத்தானே" எண்டார். என்னத்தைச் சொல்ல.

தாளையடியிலை கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் 2024இலை திறந்தாச்சு, எங்கட ஒழுங்கைக்கு இன்னும் குழாய் வரேல்லை. வந்தால் இந்த மிசின் தேவைப்படுமோ தெரியாது.

அஞ்சுக்கு மூண்டு குடுப்பன். கைக்குழந்தை இருக்கிற வீடெண்டால் முதல் தண்ணியை ஆய்வுகூடத்திலை குடுத்துப் பாத்திட்டு வாங்குங்கோ, மற்றாக்கள் அவசரப்படத் தேவையில்லை. சேவிஸுக்கு வந்தவர் எங்கட தண்ணிக்கு மெம்பிரேன் (உள்ளுக்கை வடிக்கிற அந்தச் சவ்வு) ஒரு வருசம் நிண்டால் பெரிய காரியம் எண்டார், வாங்கேக்கை சொன்னது மூண்டு வருசம். கல்லுத்தண்ணிப் பக்கம் பாவிக்கிறாக்கள் ஆரும் இருந்தால் உங்கட எத்தினை மாசம் ஓடினது எண்டு போட்டு விடுங்கோ.