நாகடோமோ ஜெர்சிக்குன்னே ஒரு கம்பி ஒதுக்கியிருக்கற கடை

டோக்கியோல பழைய ஃபுட்பால் ஜெர்சி விக்கிற கடைங்க நெறையவே இருக்கு, நான் சொல்லப்போறது ஷின்ஜுகு பக்கம் ஒரு பழைய கட்டடத்துல ரெண்டாவது மாடியில இருக்கற சின்ன கடை. ஒத்த ஆளா ஒரு பெரியவர் நடத்துறாரு, கூட்டம் வந்தா அவரால தாங்க முடியாது, அதனால பேரை இங்க போடல.

நான் போனது ஜப்பான் டீம் டிஃபெண்டரா ஆடுன யூட்டோ நாகடோமோவோட ஜெர்சிக்காக. எந்தக் கடைக்குப் போனாலும் ஸ்ட்ரைக்கர் பேரும் பத்தாம் நம்பரும்தான் தொங்கும், டிஃபெண்டர் பேர் போட்டது இருக்கான்னு கேட்டா உள்ள போய் தேடிட்டு வந்து கைய விரிச்சிடுவாங்க. இங்க சுவத்துல ஒரு கம்பி முழுக்க நாகடோமோ மட்டும்தான், அதுவும் வருஷ வாரியா. எஃப்சி டோக்கியோ நீலம் சிவப்புல ஆரம்பிச்சு, செசேனா வெள்ளை, இன்டர் மிலான் நாலஞ்சு, கலாட்டசராய் மஞ்சள் சிவப்பு, மார்செய் ஒண்ணு, கடைசியில திரும்பவும் எஃப்சி டோக்கியோ. எனக்கு அங்கயே மனசு நெறஞ்சிடுச்சு.

ஏன்னா இந்த ஆளோட கதை அப்படி. 1986ல எஹிமே மாவட்டம் சாய்ஜோல பொறந்தவரு, உயரம் 170 செ.மீ.தான். மெய்ஜி யூனிவர்சிட்டில படிக்கறப்ப இடுப்பு வலி வந்து ஆட முடியாம கேலரில உக்காந்து டீமுக்கு டிரம் அடிச்சிட்டு இருந்தாரு. மிட்ஃபீல்டரா இருந்தவர அங்கதான் ஃபுல்பேக்கா, அதாவது ஓரத்துல ஆடுற டிஃபெண்டரா மாத்துனாங்க. 2008ல எஃப்சி டோக்கியோல ப்ரொஃபஷனல், ரெண்டே வருஷத்துல 2010 வேர்ல்ட் கப், முதல் மேட்ச்சே கேமரூன், எதிர்ல அவங்க ஸ்டார் ஸ்ட்ரைக்கர் சாமுவேல் எட்டோ. அந்த மேட்ச்ச நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, எட்டோ எந்தப் பக்கம் திரும்பினாலும் இவரு ஒட்டிட்டே நிப்பாரு, ஜப்பான் 1-0ன்னு ஜெயிச்சுது, கோல் ஹோண்டாவோடது, ஆனா எனக்கு அது நாகடோமோ மேட்ச்தான்.

அப்புறம் செசேனா. இத்தாலில அப்பதான் முதல் டிவிஷனுக்கு மேல வந்திருந்த சின்ன கிளப், ஏசி மிலானையே 2-0ன்னு அடிச்சுது, அதுல இவரும் ஆடுனாரு. அந்த வெள்ளை ஜெர்சி கடையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது விலைக்கு இல்லன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்காரு பெரியவரு.

நான் எடுத்தது 2010-11 இன்டர், 55ம் நம்பர். அதுக்கு காரணம் 3 நாள்ல நடந்த ஒரு கதை. 2011 ஜனவரி 29, தோஹால ஏசியன் கப் ஃபைனல், எதிர்ல ஆஸ்திரேலியா, எக்ஸ்ட்ரா டைம். இவரு வலது கால் ஆட்டக்காரரு, ஆனா ஆடுறது லெஃப்ட் பேக். அன்னிக்கு கோச் சாக்கெரோனி இவர முன்னாடி தள்ளி விட்டிருந்தாரு, 109வது நிமிஷம் இடது பக்கம் ஓடிப்போய் இடது கால்லயே ஒரு கிராஸ், டாடானாரி லீ யாருமே இல்லாத இடத்துல நின்னு பந்து தரையில படறதுக்குள்ள வாலி அடிச்சு கோல் போட்டாரு, கப் ஜப்பானுக்கு. 31ம் தேதி இன்டர்ல சேந்துட்டாரு, அதுக்கு முந்தின சீசன் சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச டீம் அது! மார்ச்ல ஜெனோவா மேல முதல் கோல் போட்டுட்டு கேப்டன் சானெட்டியும் இவரும் எதிர் எதிர்ல நின்னு ஜப்பான் முறைப்படி குனிஞ்சு வணக்கம் வச்சாங்க பாருங்க, அத இன்னும் எனக்கு மறக்க முடியல. அங்க 7 வருஷம், 200 மேட்ச்சுக்கு மேல.

சரி, ஜெர்சிக்கு வருவோம். நெஞ்சுல லீக் சாம்பியனுக்கு குடுக்கற இத்தாலி கொடி கலர் பேட்ஜ் அப்படியே இருக்கு, துணில ஒரு நூல் கூட பிரியல. முதுகுல ரெண்டாவது 5ல கீழ் வளைவுல நகம் அளவுக்கு ஒரு விரிசல், விரல வச்சு தடவினாதான் தெரியும். நான் கவனிக்கறதுக்கு முன்னாடியே பெரியவரே லைட்டுக்கு கீழ பிடிச்சு காட்டி, டேக்ல பி கிரேடுன்னு எழுதியிருக்கறதையும் காட்டி, இதுனாலதான் விலை கொறச்சிருக்கேன்னாரு. எனக்கு 9,000 யென் ஆச்சு. முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட கலாட்டசராய் ஜெர்சி வாங்கி, ரெண்டு தடவ தொவைச்சதும் பேர்ல பாதி எழுத்து உதிர்ந்து, டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சு நொந்து போயிருந்தேன், பணமும் திரும்பல. அதனால இவரு குறைய தானா எடுத்துச் சொன்னது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

சைஸ் மட்டும் பாத்து வாங்குங்க. ஐரோப்பா எம் சைஸ் ஜப்பான் எல் சைஸ் அளவுக்கு வரும், ஜப்பான் டீம் ஜெர்சி எல் போடறவங்க இன்டர்ல எம் எடுத்தா போதும். போட்டுப் பாக்கற எடம் ரொம்ப நெருக்கம், கார்டு வாங்க மாட்டாரு, படிக்கட்டு செங்குத்தா இருக்கு, முட்டி வலி உள்ளவங்க யோசிச்சு ஏறுங்க. இங்கிலீஷ் கிடையாது, நானே அரைகுறை ஜப்பானீஸ்லதான் பேசுனேன், ஆனா ஃபுட்பால் பேச்சுக்கு அது போதுமா இருந்துச்சு.

பில் போடறப்ப 2022 கத்தார் பேச்சு வந்துது. 36 வயசுல தலைமுடிய சிவப்பா அடிச்சுகிட்டு நாலாவது வேர்ல்ட் கப், ஜப்பான் ஆடுன நாலு மேட்ச்லயும் ஸ்டார்ட்டிங்ல இருந்தாரு, ஜெர்மனிய 2-1ன்னு ஜெயிச்சுட்டு கேமரா முன்னாடி "பிராவோ"ன்னு தொண்ட கிழிய கத்துனாரு. பெரியவரும் கடைக்குள்ளயே அதே மாதிரி ஒரு "பிராவோ" போட்டாரு, பின்னாடி துணி மடிச்சுட்டு இருந்த இன்னொரு கஸ்டமர் திரும்பி கை தட்டுனாரு.

அடுத்த சம்பளத்துல கம்பியோட கடைசில தொங்கற எஃப்சி டோக்கியோ 5ம் நம்பர் எடுக்கலாம்னு இருக்கேன். இத்தாலி, துருக்கி, ஃபிரான்ஸ் எல்லாம் சுத்திட்டு தான் ஆரம்பிச்ச கிளப்புக்கே 2021ல திரும்பி வந்த ஆளு, அந்த ஜெர்சி இல்லாம இன்டர் மட்டும் வீட்டுல இருந்தா பாதிதான் இருக்கற மாதிரி எனக்குத் தோணுது. எடுத்து வைக்க முடியுமான்னு கேட்டேன், ஒரு சின்ன பேப்பர்ல தேதி எழுதி ஹேங்கர்ல குத்தி வச்சுட்டாரு. நீங்க போனா அத மட்டும் தொடாதீங்க.