ஒரு கண்டாங்கிச் சேலை, ஆறு வழிகள்: போட்டோவை எதில் சுருக்குவது?

அண்ணி காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே சேலை விற்கிறார். தறியிலிருந்து சேலை வந்ததும் முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டு, காலை வெயில் ஏறுவதற்குள் போனில் படமெடுத்துவிடுவார். போனில் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும். இன்ஸ்டாகிராமில் ஏற்றிய பிறகுதான் தகராறு. "தம்பி, கட்டமெல்லாம் ஏன் அலை அலையா நெளியுது? நான் சேலைய நேராத்தானே போட்டேன்?" என்று ஒருநாள் கூப்பிட்டார்.

சேலை நேராகத்தான் இருந்தது. நெளிந்தது படம் சுருங்கிய விதத்தில்.

கண்டாங்கி பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: அகலமான கரை, உடம்பு முழுக்கக் கட்டம், மாம்பழ மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று அடித்துச் சொல்லும் நிறங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. படம் சுருக்கும் கருவிக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது. கோடுகள் மெல்லியவை, வரிசையாக வருபவை, போதாக்குறைக்குச் சிவப்பு. அதனால் அண்ணியின் ஒரே படத்தை எடுத்து, ஆளாளுக்குச் சொல்லும் ஆறு வழிகளிலும் சுருக்கிப் பார்த்தேன்.

முதலில் கணக்கு. அந்தப் படம் 3000-க்கு 4000 பிக்சல், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இன்ஸ்டாகிராம் பதிவில் அகலம் 1080-க்கு மேல் நிற்காது. அதே வடிவத்தில் சுருக்கினால் 1080-க்கு 1440, ஏறக்குறைய பதினைந்தரை லட்சம் புள்ளிகள். எட்டுப் புள்ளியில் ஏழு போய்விடுகிறது. நீங்கள் சுருக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. எந்த ஏழு போகிறது, மிச்சமிருக்கும் ஒன்றில் மற்ற ஏழின் நிறமும் கலந்திருக்கிறதா என்பதில்தான் எல்லா வித்தியாசமும். மூன்று பிக்சல் அகலமிருந்த நூல்கோடு சுருங்கியதும் ஒரு பிக்சல் ஆகிறது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளைச் சரியாகக் கலக்காமல் சும்மா தாண்டித் தாண்டிப் பொறுக்கினால் சில கோடுகள் தப்பும், சில கோடுகள் தடிக்கும். கண்ணுக்கு அது அலையாகத் தெரியும்.

கருவிக்குப் போகும் முன் படத்தின் வடிவம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். இதில் தப்பினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. இன்ஸ்டாகிராம் ஆரம்பத்தில் சதுரம் மட்டும்தான். 2015-ல் நெட்டைப் படத்தையும் குட்டைப் படத்தையும் அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் 4:5 என்பதுதான் உயரத்துக்கு வரம்பு. அதனால்தான் இன்றைக்கும் பலர் 1080-க்கு 1350 என்று மந்திரம்போலச் சொல்கிறார்கள். 2025-ல் இரண்டு மாறின. நம் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சின்னப் படங்கள் சதுரத்திலிருந்து 3:4 ஆயின. பதிவிலும் 3:4 படத்தை முழுசாக ஏற்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலான போன்கள் செங்குத்தாக எடுக்கும் படமே 3:4 என்பதால், எதையும் வெட்ட வேண்டிய தேவையே போய்விட்டது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய சதுரப் படங்கள் அந்த வரிசையில் இடப்பக்கம் எட்டில் ஒரு பங்கும் வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கும் இழக்கின்றன. அண்ணியின் பழைய பதிவுகளில் கரை ஓரத்தில் இருந்தது. கண்டாங்கிக்குக் கரை போனால் அப்புறம் என்ன இருக்கிறது? ஆகவே 3:4, கரை ஓரத்தை ஒட்டாமல் கொஞ்சம் உள்ளே. இதை முடிவு செய்துவிட்டுத்தான் ஆறு வழிகளுக்கும் போனேன்.

முதல் வழி, எதுவும் செய்யாமல் அப்படியே ஏற்றுவது. கேலி பண்ண வேண்டியதில்லை. முகம், சாப்பாடு, கோயில் கோபுரம் என்று பத்துப் படம் போட்டால் ஏழெட்டில் வித்தியாசம் தெரியாது. அமைப்புகளில் மீடியா தரம் என்ற இடத்தில் உயர்ந்த தரத்தில் ஏற்றும் விருப்பம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் போட்டுவிட்டால் போதும். ஆனால் சுருக்குவது தானாக நடக்கிறது, சரியில்லை என்றால் மாற்றிப் பார்க்க நம் கையில் ஒரு திருகும் இல்லை. முகமா கட்டமா என்று பார்த்து நடத்துவது நம்மால்தான் ஆகும்.

இரண்டாவது, அண்ணியின் சொந்தக் கண்டுபிடிப்பு: ஸ்கிரீன்ஷாட். படத்தைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலும் கீழும் வெட்டி ஏற்றுவார். "எம்பி கம்மியாயிடுதுல்ல" என்பார். சிரித்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு நின்றது. அவருடைய ஆண்ட்ராய்டு போனின் திரை அகலம் 1080 பிக்சல். 3:4 படம் அந்தத் திரையை அகலவாக்கில் நிரப்பும்போது அதன் அளவு சரியாக 1080-க்கு 1440. கால்குலேட்டர் இல்லாமலே அண்ணி வந்து நின்ற இடம் அது. என்ன குறை என்றால், திரையில் காட்டுவதற்காகப் போன் அவசரத்தில் சுருக்குவது வேறு, சேமிப்பதற்காக நிதானமாகச் சுருக்குவது வேறு. கட்டம் நெளிந்தது இந்த வழியில்தான். திரை அகலம் வேறான போனில் இந்த 1080 கணக்கும் உதவாது.

மூன்றாவது ஸ்னாப்சீட். 2012-ல் கூகுள் வாங்கிய செயலி, இன்றும் காசு இல்லை. போனிலேயே வெட்டி, நிமிர்த்தி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி வேலையை முடிக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கொடி சாய்ந்திருந்ததால் கோணலாகத் தெரிந்த கரையை நேராக்கியது இதில்தான். ஆனால் சுருக்குவது இதன் முதல் தொழில் இல்லை. ஏற்றுமதி அமைப்பில் அது தரும் அளவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அங்கே படத்தின் தரத்தைக் குறைக்காமல் வைத்துவிட்டு, சுருக்குவதை வேறிடத்தில் செய்வது என் வழக்கம்.

நான்காவது கான்வா. விலை, "புதுவரவு", போன் நம்பர் என்று படத்தின் மேல் எழுத்து வேண்டுமென்றால் பேச்சுக்கே இடமில்லை, கான்வாதான். தமிழ் எழுத்துருக்களும் கிடைக்கின்றன. வெறும் படத்தைச் சுருக்க மட்டும் அங்கே போவது, ஒரு பித்தானுக்காகத் தையல்காரரிடம் போய் வரிசையில் நிற்பதுபோல. படம் முதலில் இணையத்தில் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். செய்து முடித்த டிசைனை ஒரே தட்டில் வேறு அளவுக்கு மாற்றும் வசதியும் காசு கட்டுபவர்களுக்குத்தான். இலவசக் கணக்கில் வேலை செய்பவர்கள் அளவை முதலிலேயே 1080-க்கு 1440 என்று கொடுத்துத் தொடங்கினால் பின்னால் அழ வேண்டாம்.

ஐந்தாவது ஸ்கூஷ். கூகுள் குரோம் குழுவினர் 2018-ல் வெளியிட்ட இணையப் பக்கம். பெயர்தான் இணையப் பக்கம். வேலை முழுக்க நம் பிரவுசருக்குள் நடக்கிறது, படம் எங்கேயும் போவதில்லை. இதில் எனக்குப் பிடித்தது நடுவில் நிற்கும் கோடு. இடப்பக்கம் மூலப்படம், வலப்பக்கம் சுருக்கியது. கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். அரக்குக் கோடும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் பெரிதாக்கிவிட்டு, தரத்தை 90-லிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். 80 வரை ஒன்றும் தெரியவில்லை. 60-க்குப் பக்கத்தில் அரக்கு மஞ்சளுக்குள் கசிய ஆரம்பித்தது, சாயம் போகும் சேலையை நனைத்ததுபோல. ஜேபெக் கோப்பு வெளிச்சத்தை முழுசாகவும், நிறத்தைப் பாதி நுணுக்கத்திலும் சேமிப்பது வழக்கம். நம் கண் நிறத்தில் அவ்வளவு கறார் இல்லை என்ற நம்பிக்கையில் செய்யும் சிக்கனம் அது. சிவப்பில்தான் அது முதலில் மாட்டிக்கொள்ளும். ஸ்கூஷின் ஒரே குறை, ஒரு நேரத்தில் ஒரு படம். நாற்பது சேலைக்கு உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

ஆறாவது இர்ஃபான்வியூ. 1996-லிருந்து விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன மென்பொருள். வியாபாரமில்லாத சொந்த உபயோகத்துக்கு இலவசம், அண்ணியைப்போல விற்பவர்கள் உரிமம் வாங்குவதுதான் முறை. பார்க்க அழகில்லை. ஆனால் கன்ட்ரோலும் ஆர் எழுத்தும் சேர்த்துத் தட்டினால் வரும் பெட்டியில் இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: ரீசைஸ், ரீசாம்பிள். முன்னது வேகம், தரம் குறைவு. பின்னது நிதானம், தரம் கூடுதல். அண்ணி கேட்ட கேள்விக்கு விடை அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. முன்னதில் கட்டம் நெளிந்தது. பின்னதில் லான்சோஸ் என்ற வடிகட்டியை (அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கலக்கும் ஒரு கணக்குமுறை) தேர்ந்ததும் நெளிவு போய், ஒவ்வொரு கோடும் ஒரே தடிமனில் வந்து நின்றது. சுருக்கியபின் லேசாகக் கூர்மையாக்க ஒரு டிக்கும் அங்கேயே உண்டு. கட்டச் சேலைக்கு அதை விட்டுவிடுங்கள், வெற்றுப் பட்டுக்குப் போடலாம். சேமிக்கும்போது நிறச் சிக்கனத்தை நிறுத்தவும் ஒரு டிக் இருக்கிறது. கோப்பு கொஞ்சம் பெருக்கும், அரக்கு கசியாது. முக்கியமாக, பி எழுத்தைத் தட்டினால் ஒரு ஃபோல்டரையே மொத்தமாகச் சுருக்கித் தரும். நாற்பது படம், ஒரு காபி நேரம்.

ஆக, கட்டமோ ஜரிகையோ நெருக்கமான புட்டாவோ இருந்து, படங்களும் நிறைய என்றால் இர்ஃபான்வியூ. பக்கத்தின் முகப்பில் வைக்கும் ஒரே படம் என்றால் ஸ்கூஷ். கையில் போன் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீடில் வெட்டி அப்படியே ஏற்றிவிடலாம். கான்வா எழுத்துக்கு மட்டும். ஸ்கிரீன்ஷாட்டை அண்ணியே விட்டுவிட்டார்.

நிறத்தைப் பற்றி ஒரு சொந்தக் கதை சொல்ல வேண்டும். அண்ணன் மகள் தன் ஐபோனில் எடுத்துத் தந்த படங்களை, அவசரத்தில் ஏதோ ஓர் இலவசத் தளத்தில் சுருக்கினேன். சேலை வாங்கியவர் பெட்டியைப் பிரித்துவிட்டு அண்ணிக்குச் சொன்னது: "படத்துல செங்கல் கலர்னு நெனச்சேன்க்கா, கைல பார்த்தா நல்ல அரக்கு." சந்தோஷமாகத்தான் சொன்னார், தப்பித்தோம். மாறி நடந்திருந்தால் சேலை திரும்பி வந்திருக்கும். ஐபோன்கள் 2016-லிருந்து வழக்கத்தைவிட அகலமான நிறப்பரப்பில், அதாவது கூடுதல் நிறங்கள் அடங்கும் வரம்பில், படமெடுக்கின்றன. எந்த நிறப்பரப்பு என்று சொல்லும் குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கும். அந்தக் குறிப்பை உதிர்த்துவிட்டால் நிறம் மங்கும். குறிப்பைக் காப்பாற்ற வேண்டும், அல்லது எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறப்பரப்புக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். நான் இரண்டையும் பார்க்காமல் விட்டேன்.

வாட்ஸ்அப்புக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு இறங்கும். 2023 ஆகஸ்டில் எச்டி என்ற பொத்தான் வந்தது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் எதுவும் மாறாது. ஒன்றே ஒன்று: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். ஒருமுறை பிழிந்த துணியை மறுபடி பிழிவது. மூலப்படம் டாக்குமென்ட்டாக வரட்டும், ஒரே ஒரு தடவை சுருங்கட்டும்.

ஃபேஸ்புக் பக்கத்தின் முகப்புப் படத்துக்கு 851-க்கு 315 என்று அவர்களே சொல்கிறார்கள், 100 கேபிக்குள் இருந்தால் வேகமாகத் திறக்கும் என்றும். போனில் அதே படம் 640-க்கு 360 என்ற வேறு வடிவத்தில் தெரியும் என்பதால், கடைப் பெயரை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும்.

மீதி இருந்தது முந்தானை. முழுசாக விரித்தால் அது கிடைமட்டப் படம், இன்ஸ்டாகிராமில் ஒரு கீற்றுபோலத் தெரியும். அகலம் 1080 என்றால் உயரம் 720தான். மேலும் கீழும் வெள்ளை ஓரம் சேர்த்து 3:4 ஆக்கிப் பார்த்தேன், கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிய மாதிரி இருந்தது. கடைசியில் 2160-க்கு 1440 என்று சுருக்கி, நட்டநடுவில் வெட்டி, தள்ளிப் பார்க்கும் இரண்டு படங்களாகப் போட்டோம். வெட்டு ஒரு கறுப்புக் கோட்டின்மேல் விழும்படி நாலைந்து பிக்சல் நகர்த்தி வைத்தேன். அண்ணி விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஒட்டு எங்கன்னே தெரியல தம்பி" என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, கொடியில் துணி கிளிப் தெரிவதைக் காட்டினார்.