லெவின் புத்தகமா, எம்ஐடி விரிவுரையா, என்பிடெல்லா?

இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ சம்மாந்துறை வளாகத்துக்கோ போகிற பிள்ளைக்கு டிஸ்கிரீட் மேத்ஸ் (எண்ணுதல், தர்க்கம், வலையமைப்பு பற்றிய கணிதம்) ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். வரிசைமாற்றமும் சேர்மானமும் உயர்தரத்திலேயே பார்த்தவை. தடுமாற வைப்பது நிறுவல் எழுதுகிற வேலையும், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கிராப் தியரியும்தான்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் என் முதல் தெரிவு ஆஸ்கார் லெவினின் திறந்த பாடநூல். ஆங்கிலம் எளிது. பக்கங்களாகவே வாசிக்கலாம், டேட்டாவும் அதிகம் போகாது. பல பயிற்சிகளுக்கு விடை மறைந்திருக்கும், தொட்டால்தான் திறக்கும். அதைத் தொடாமல் பத்து நிமிடம் மல்லுக்கட்டுவதில்தான் பாடமே இருக்கிறது. இப்படி ஒரு கணக்கை எடுங்கள்: ஏறாவூர், செங்கலடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில். இந்த 7 ஊர்களில் ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு மட்டும் நேரடி பஸ்ஸால் இணைய வேண்டும். முடியுமா? கோடு போட்டுப் போட்டுப் பார்ப்பீர்கள், சரிவராது. ஒவ்வொரு வழியும் இரண்டு ஊர்களில் எண்ணப்படுகிறது. ஆகவே மொத்தம் இரட்டையாக வர வேண்டும். 7 × 3 = 21, ஒற்றை. முடியவே முடியாது. இந்த ஒரு வரி நிறுவல் தானாகத் தோன்றிவிட்டால் பயம் பாதி போய்விடும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் 2010 விரிவுரைகளில் டொம் லெய்டன் கரும்பலகையில் எழுதி எழுதி விளக்குவார். அருமையான ஆசிரியர். ஆனால் மொத்தம் 25 விரிவுரைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கூடவே வரும் பாடநூலும் தடிமனானது. அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்குபவர் களைத்துப்போவார். லெவினில் ஓர் அத்தியாயம் முடித்தபின் அதே தலைப்பில் லெய்டனைப் பாருங்கள், நன்றாக ஏறும்.

இந்தியாவின் இலவச இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் சுதர்ஷன் ஐயங்காரின் வீடியோக்கள் குட்டி குட்டியானவை, தொடக்கக்காரருக்கு ஏற்றவை. சுனில் சந்திரனின் கிராப் தியரி வேறு ரகம்: முதல் வகுப்பே வெர்டெக்ஸ் கவரில் (எல்லாக் கோடுகளையும் தொடும் புள்ளிக் கூட்டம்) தொடங்கும். மூன்றாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விசுஅல்கோ, அல்கோரிதம்கள் வேலை செய்வதைப் படமாகக் காட்டும் தளம். எல்லாப் புள்ளிகளையும் குறைந்த செலவில் இணைக்கும் குருஸ்கல் அல்கோரிதம் எந்த விளிம்பை (கோட்டை) எப்போது எடுக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கிடைத்த மரம் (சுற்று இல்லாமல் எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் வலை, அதாவது ஸ்பானிங் ட்ரீ) ஏன் மிகக் குறைந்த செலவுடையது என்பதற்கு லெய்டனின் ஸ்பானிங் ட்ரீ விரிவுரைக்குத்தான் போக வேண்டும்.