எம்பெக் பிளேயர்: நுகர்வோர் பதிப்பா, டெவலப்பர் பதிப்பா?

காரில் ரேடியோ பொருத்தும் இடத்தில் செருகிக்கொள்ளும் இசைப்பெட்டியாக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 1999இல் வெளிவந்தது எம்பெக். பின்னர் சோனிக்புளூ நிறுவனத்தின் கைக்குப் போய், ரியோ கார் என்று பெயர் மாறி, சீக்கிரமே உற்பத்தியும் நின்றுவிட்டது. உள்ளே ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, லேப்டாப் ஹார்டு டிஸ்க், லினக்ஸ். பெட்டியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் ஒவ்வொரு வெளியீட்டிலும் நுகர்வோர் பதிப்பு, டெவலப்பர் பதிப்பு என இரண்டு கோப்புகள் வந்தன. எதை ஏற்றுவது என்ற கேள்வி இந்தப் பெட்டியை இன்றும் பேணி வருபவர்களுக்குத் தீரவில்லை.

பாட்டுக் கேட்பதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. பிளேயர் நிரல் ஒன்றே; மெனு, ஈக்வலைசர், திரைக் காட்சிகள் எல்லாம் ஒன்றே. டெவலப்பர் பதிப்பில் ஒலி துல்லியமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வித்தியாசம், கணினியோடு கேபிளால் இணைக்கும் பழைய வகை இணைப்பான சீரியல் போர்ட்டில் இருக்கிறது. டெவலப்பர் பதிப்பை ஏற்றிய பெட்டியைக் கேபிளால் கணினியோடு இணைத்து, டெர்மினல் நிரலின் வேகத்தை 1,15,200 என்று வைத்து, ‘க்யூ’ விசையை அழுத்தினால் போதும். பாட்டு நின்று, எதையும் மாற்றக்கூடிய ரூட் உரிமையோடு, கட்டளைகளை அடிக்கும் ஷெல் திறக்கும். கடவுச்சொல் கிடையாது. வேலை முடிந்து ‘எக்ஸிட்’ என்று அடித்தால் பிளேயர் மறுபடி ஓடத் தொடங்கும். நுகர்வோர் பதிப்பில் இந்த ஷெல் இல்லை.

நுகர்வோர் பதிப்புக்கும் வலுவான நியாயம் உண்டு. காரில் சாவியைத் திருப்பினால் எந்த நொடியிலும் மின்சாரம் போகும். முறையாக அணைக்க அவகாசமே கிடைக்காது. அதனால்தான் இந்தப் பெட்டியில் டிஸ்க் பகுதிகள் சாதாரணமாகப் படிக்க மட்டுமே திறந்திருக்கும். ஷெல்லில் ‘ஆர்டபிள்யூ’ என்று அடித்தால் எழுதவும் திறக்கும். ‘ஆர்ஓ’ அடித்தால் மூடும். திறந்தவர் மூட மறந்து, மின்சாரமும் அப்போது போனால் கோப்பு முறைமை சிதையக்கூடும். இது அறியாதவர்களுக்கு மட்டும் நேர்வது அல்ல, அவசரத்தில் யாருக்கும் நேரலாம். வண்டியைப் பலர் ஓட்டும் வீட்டில், பெட்டியைத் திறந்து பார்க்கும் எண்ணமே இல்லாதவருக்கு, நுகர்வோர் பதிப்பையே பரிந்துரைப்பேன்.

மற்றவர்களுக்கு என் பதில் தயக்கமில்லாமல் டெவலப்பர் பதிப்புதான். இருபது ஆண்டுகளைத் தாண்டிய இந்தப் பெட்டிகளில் பழைய டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பாட்டு நடுவில் தடுமாறுகிறது என்றால் கோளாறு டிஸ்க்கிலா, இணைப்புக் கேபிளிலா, அந்த ஒரு கோப்பில் மட்டுமா என்று தெரிய வேண்டும். ஷெல் இருந்தால் டிஸ்க்கின் கோப்பு முறைமையைச் சோதிக்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையைக் கையால் ஓட்டி, அது சொல்வதை வரி வரியாகப் படிக்கலாம். பாடல்கள் கிடக்கும் ‘ஃபிட்ஸ்’ அடைவுக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம். அங்கே பாட்டின் பெயர் எதுவும் இருக்காது, வெறும் எண்கள். 0 என்று முடிவது ஒலிக்கோப்பு, அதன் ஜோடியாக 1 என்று முடிவது தலைப்பு, பாடியவர் முதலிய விவரங்கள். டிஸ்க் கைவிடும் நேரத்தில், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்து காப்பாற்ற இந்த அறிவு உதவும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குப் பதிலாக, மார்க் லார்ட் மாற்றி எழுதிய ஹைஜாக் கர்னலை ஏற்றினால், நெட்வொர்க் வழியே கோப்புகளைக் கையாளும் எஃப்டிபி, வெப் சர்வர் இரண்டும் கர்னலுக்குள்ளேயே கிடைக்கின்றன. நுகர்வோர் பதிப்போடும் அது ஓடும். கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் மட்டும் என்றால் அதுவே போதும், ஷெல் எதற்கு என்று கேட்கலாம். நெட்வொர்க் கேபிள் செருகும் ஈதர்நெட் உள்ள மார்க் 2 என்ற பிந்தைய மாதிரிக்கு இது பாதி உண்மை. முதல் மாதிரியான மார்க் 1 பெட்டியில் ஈதர்நெட்டே இல்லை. மார்க் 2இலும் பிளேயர் சரியாகத் தொடங்காமல் திணறும்போது, நம்பக்கூடிய வழி சீரியல் கேபிள்தான். கர்னல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால், ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் ஹைஜாக்கை மறுபடி ஏற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பதிப்பிலிருந்து மற்றதற்கு மாறுவது எளிது. அதே அப்கிரேட் நிரல், அதே சீரியல் கேபிள், சற்றுப் பொறுமை. பாடல்கள் வேறு பகுதியில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மென்பொருள் இருக்கும் ரூட் பகுதியில் நீங்களாகச் சேர்த்தவை மட்டும் அழியும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரை இருமுறை படியுங்கள். ‘பில்டர்’ என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது புது டிஸ்க்கைத் தயார் செய்வதற்கானது. பாடல்கள் நிறைந்த டிஸ்க்கில் ஓட்டினால் அத்தனையையும் துடைத்துவிடும்.